நன்றி என்று எழுதுகிறவன்

ரெசிஃபே நகராட்சி, பதினோராம் தளம்.
ஜன்னலுக்கு வெளியே கடல்,
உள்ளே குளிரூட்டியின் முனகல்.
"உங்கள் குரல் பதிவாகிவிட்டது. நன்றி"
என்ற வாக்கியம் என்னுடையது.
இந்த ஊரில் அதிகம் வாசிக்கப்படும் எழுத்தாளன் நீதான்
என்று ஒதிலோன் கேலி செய்வான்.

பட்ஜெட்டில் ஒரு பங்கை மக்களே முடிவு செய்யலாம்.
செயலியைத் திறந்து, அடையாள எண்ணைத் தட்டி,
முகத்தைக் காட்டினால் போதும்.
விளம்பரத்தில் சிரித்தவளுக்கு
நல்ல வெளிச்சம் வாய்த்திருந்தது.

வாக்கெடுப்பு முடிந்த மறுநாள்
பிழைப்பதிவேட்டைப் புரட்டினேன்.
யாரும் படிக்காத ஏடு.

இரவு 11.42: முகம் பொருந்தவில்லை.
11.44: முகம் பொருந்தவில்லை.
11.51: வெளிச்சத்தில் நின்று மீண்டும் முயலவும்.
12.07: இணைப்பு அறுந்தது.
காலை 5.10: அதே கருவி, வேறு முகம்.
5.16: அதே கருவி, வேறு முகம்.

ஒன்பது நாள். இருநூற்றுப் பன்னிரண்டு வாக்குகள்.
எல்லாம் ஒரே கைபேசியிலிருந்து.
கடைசி வரியில் இயந்திரத்தின் தீர்ப்பு:
மோசடி ஐயம். அனைத்தும் நீக்கம்.

அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன்.
கள்ள ஓட்டுக்குப் பயந்து எழுதினோம்.
ஆளுக்கொரு போன் இருக்கும் என்று
அன்று யாரும் சொல்லவில்லை;
சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வென்றது நாய்களுக்கான பூங்கா.
பதினோராயிரம் வாக்குகள்.
நாய்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் போனேன்.
சேற்றில் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள்.
அவர்கள் கேட்டது பதினெட்டு மீட்டர் நடைபாலம்.
இப்போது அங்கே இரண்டு பலகை,
நடுவில் ஒரு ஃப்ரிட்ஜ் கதவு.

ஜுசிலெய்டி நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.
கீறல் விழுந்த போன் ஜாக்கெட்டுக்குள்.
நான் யாரென்று சொன்னதும்
ஏற இறங்கப் பார்த்தாள்.
"ஓ, நீதான் அந்த நன்றியா?"

வால்டெமிராவைக் கண் சிமிட்டச் சொன்னதாம் போன்.
புரை விழுந்த கண். சிமிட்டினாள், சிமிட்டினாள்,
அவள் உயிரோடிருப்பதை அது நம்பவில்லை.
எடிவால்டோவின் பெயரில் அட்டையில் ஓர் எழுத்து கூடுதல்.
மூலைவீட்டுக்காரி கதவையே திறக்கவில்லை:
"இன்றைக்கு முகம் கேட்கிறார்கள்,
நாளைக்கு அதே முகத்தைத் தேடி போலீஸ் வந்தால்?"

மேல்முறையீடு செய்யலாமே என்றேன்.
"செய்தேன். அதற்கும் முகம் கேட்டது."

முன்பு பள்ளிக்கூடத்தில் கைதூக்கிய கூட்டங்கள்
இதைவிட மேலா என்று இழுத்தேன்.
அப்போதுதான் சிரித்தாள்.
"கடைசி பஸ் ஒன்பதரைக்கு.
எங்கள் கால்வாயின் முறை ஒன்பதேமுக்காலுக்கு.
மைக்கைப் பிடித்தவன் ஒருநாளும் விட்டதில்லை."
நண்டின் ஓட்டில் ஒரு தட்டு.
"பாலம் வேண்டும், தம்பி.
எந்த வழியாக வந்தாலும் சரி."

ஓதம் ஏறத் தொடங்கியது.
எங்கே மிதி என்றாளோ அங்கே மிதித்தேன்.
ஃப்ரிட்ஜ் கதவு வழுக்கியது.
இடது ஷூவைக் கால்வாய் வைத்துக்கொண்டது.
எதிரே ஒரு சிறுமி புத்தகப்பையைத் தலையில் ஏந்தி
என்னைச் சுற்றிக்கொண்டு கடந்து போனாள்,
அவசரமாய், மரியாதையாய்.

திங்கள். அந்த விதியைத் திருத்த
மூன்று பக்கக் குறிப்பு அனுப்பினேன்.
"பெறப்பட்டது. நன்றி" என்று பதில் வந்தது.
என் வாக்கியத்தின் குட்டி அது.

மதியத்துக்குள் புதிய ஒரு வரி வேண்டுமாம்:
இந்தச் செயலி உங்களுக்கு எளிதாக இருந்ததா,
ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை?

மேசைக்கடியில் சேறு காய்ந்த வாடை.
வெற்றுத் திரையில் அந்தச் சின்னக் கோடு
சிமிட்டுகிறது, சிமிட்டுகிறது,
தான் உயிருள்ள முகம்தான் என்று
யாரிடமோ நிரூபிப்பதுபோல.